கரிம–தழைச்சத்து விகிதம்: வைக்கோலை மடக்கி உழுமுன் கணக்கிடும் முறை

குறுவை நெல் அறுவடையில் இயந்திரம் விட்டுச்சென்ற வைக்கோலைச் சேற்றில் மடக்கி உழுதுவிட்டு, உடனே அடுத்த போக நெல்லான தாளடியை நட்ட வயலில் பயிர் வெளுத்து நின்றால், பூச்சியையும் நோயையும் தேடுவதோடு கரிம–தழைச்சத்து விகிதத்தையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு பொருளிலுள்ள கரிமத்தின், அதாவது கார்பனின், எடையை அதிலுள்ள நைட்ரஜனின், அதாவது தழைச்சத்தின், எடையால் வகுத்தால் இவ்விகிதம் கிடைக்கும். காய்ந்த வைக்கோல் 100 கிலோவில் கரிமம் ஏறத்தாழ 40 கிலோ, தழைச்சத்து 0.6 கிலோ, ஆகவே விகிதம் சுமார் 67:1. வைக்கோலை மக்கச் செய்யும் நுண்ணுயிரிகளின் உடலிலோ அது 8:1 அளவே. உண்ணும் கரிமத்தில் பெரும்பங்கை அவை கரியமில வாயுவாக வெளிவிட்டுவிடுவதால், சுமார் 24:1 விகிதமுள்ள உணவே அவற்றுக்குப் போதுமானது. அதற்கு மேற்பட்டால், பற்றாத தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன; இளம்பயிருக்குக் கிடைப்பது குறைகிறது. நுண்ணுயிரிகள் மடிந்ததும் அச்சத்தில் பெரும்பகுதி மண்ணுக்குத் திரும்பும், ஆனால் தூர் கட்டும் பருவம் அதற்காகக் காத்திராது.

இரண்டு பொருள்களைக் கலக்கும்போது விகிதங்களின் சராசரியை எடுப்பது தவறு. கரிமத்தைத் தனியாகவும் தழைச்சத்தைத் தனியாகவும் கூட்டிய பின்னரே வகுக்க வேண்டும். பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு உலர் எடையில் 100 கிலோவில் கரிமம் 40 கிலோ, தழைச்சத்து 2.5 கிலோ என்று கொண்டு, அதை 100 கிலோ வைக்கோலுடன் சேர்த்தால், 80 கிலோவை 3.1 ஆல் வகுக்க வருவது சுமார் 26:1. வைக்கோலின் 67, தக்கைப்பூண்டின் 16 இரண்டுக்கும் சராசரி எடுத்திருந்தால் 41 என்று ஏமாந்திருப்போம். பச்சைத் தக்கைப்பூண்டில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதால், இங்கே 100 கிலோ என்பது வயலில் சுமார் 500 கிலோ பச்சைத்தழை. தண்டு முற்ற முற்ற விகிதம் ஏறும். 45 நாளுக்குள், பூக்கத் தொடங்கும்போதே மடக்கி உழுவது நல்லது.

குறுவைக்கும் தாளடிக்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் கிடைத்தால் வைக்கோலை மடக்கி உழுது, மக்கவிட்டு நடலாம். கிடைக்காவிட்டால் கட்டுகளாகக் கட்டி மாட்டுக்குக் கொடுத்து, எருவாகத் திரும்பப் பெறுவதே சிறந்த வழி. எரிப்பதை ஏற்கவே முடியாது, கரிமமும் தழைச்சத்தும் பெரும்பாலும் புகையோடு போய்விடும்.

மண் பரிசோதனை அட்டையில் காணும் கரிமச்சத்துச் சதவீதம் வேறு, இவ்விகிதம் வேறு. அங்கே 0.5க்குக் கீழ் குறைவு, 0.75க்கு மேல் அதிகம் என்பது மண்ணிலுள்ள கரிமத்தின் அளவைக் குறிப்பது. நாளை மடக்கி உழப்போகும் பொருளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.