எந்தக் கொப்பியில் உங்கள் பேர் இருக்கிறது? மலையகத்தில் சாப்பாட்டு உதவி தேடுகிறவர்களுக்கு

தேயிலைத் தோட்டத்தில் ஒரு முழு நாள் வேலையைப் ‘பேர்’ என்போம். இன்றைக்குப் பேர் விழுந்ததா, அரைப் பேரா என்ற கேள்வியைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவில், பேர் இருக்கிற எத்தனையோ வீடுகளுக்கு வேறு எந்தக் கொப்பியிலும் பேர் இல்லை. மிட்வைஃபின் (குடும்ப சுகாதார மாதுவின்) பதிவில் இல்லை, அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பட்டியலில் இல்லை, கிராம சேவகரிடம் இருக்கிற குடும்ப விவரத்தில் பத்து வருடத்துக்கு முந்திய ஆட்கள் இருக்கிறார்கள். உதவி லொறியில் வந்து லயத்துக்கு, அதாவது நம் வரிசை வீடுகளுக்கு, முன்னால் இறங்கும் என்று காத்திருந்தால் தேர்தல் காலத்தில் மட்டும்தான் இறங்கும். மற்ற நாட்களில் பேர் போட்டால்தான் வரும்.

நான் ஹட்டன் பக்கம். படிவம் நிரப்புவது என் தொழில் இல்லை, எங்கள் லயத்தில் கொஞ்சம் சிங்களம் எழுதத் தெரிந்தவள் என்பதால் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அப்படிப் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் கர்ப்பிணியோ ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோ இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் பிரதேச செயலகம் இல்லை, கிளினிக். ஏனென்றால் அங்கே உங்கள் வீட்டில் டிவி இருக்கிறதா, கூரை தகரமா என்று யாரும் கேட்கப் போவதில்லை. மிட்வைஃபிடம் பதிந்தால் போதும். கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கிற தாய்மாருக்கும், நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் திரிபோஷா அங்கேதான் கிடைக்கும், காசு இல்லாமல். சோளமும் சோயாவும் பால்மாவும் விட்டமின்களும் கலந்த மா அது, 750 கிராம் பைக்கட், 1973இல் தொடங்கிய திட்டம். சில மாதம் சரக்கு வராது, அப்போது “இல்லை” என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாமல் அடுத்து எப்போது வரும் என்று கேட்டு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்குப் பத்து மாதத்துக்குப் போஷாக்குக் கொடுப்பனவு ஒன்றும் இருக்கிறது. அதற்கும் வழி மிட்வைஃபின் பதிவுதான், ஆகவே வயிறு தெரிந்த பிறகு போகலாம் என்று இருக்காமல் நாள் தள்ளிப்போனதும் போய்விடுங்கள்.

இதில் ஒரு சிக்கலை வெளியிலிருந்து வருகிறவர்கள் கவனிப்பதே இல்லை. பிள்ளைக்கு நிறை பார்க்கிற நாள் வேலை நாளில் வரும். அன்றைக்கு அம்மா கிளினிக் போனால் ஒரு பேர் போச்சு, குறைந்தது அரைப் பேர். அதனால்தான் நிறைய அம்மாமார் போவதில்லை, பிள்ளையின் மீது அக்கறை இல்லாமல் இல்லை. இதற்கு நான் சொல்கிற வழி: அடுத்த மாத நாளை இந்த மாதமே கேட்டு வைத்துக்கொண்டு, பாட்டியிடமோ அக்காவிடமோ பிள்ளையையும் வளர்ச்சிப் பதிவேட்டையும் கொடுத்து அனுப்புங்கள். பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) விடுகிற பிள்ளை என்றால் அங்கே பொறுப்பாக இருக்கிறவரிடமும் சொல்லி வையுங்கள். பதிவேட்டில் இருக்கிற நிறக் கோடுகளை நீங்களும் பாருங்கள். பிள்ளையின் புள்ளி பச்சையை விட்டுக் கீழே இறங்கினால், அல்லது இரண்டு மூன்று மாதமாக ஒரே மட்டத்தில் படுத்திருந்தால், கேளுங்கள். 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குப் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள், தோட்டங்களில் அது நூற்றுக்கு 32 பேர் அளவில் இருந்தது. “எங்கள் பரம்பரையே குள்ளம்தான்” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது.

சரி, அஸ்வெசும. 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்தது. 22 விடயங்களை வைத்துப் புள்ளி போட்டு, குடும்பங்களைப் பிரிக்கிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாய், மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாய் என்று ஆனது. தொகை மாறுவதுண்டு, ஆகவே பழைய பேப்பரைப் பார்த்துக் கணக்குப் போடாமல் நலன்புரி நன்மைகள் சபையின் 1924க்கு போன் எடுத்துக் கேளுங்கள். முதியவர்கள், அங்கவீனமானவர்கள், சிறுநீரக நோயாளிகள் இருந்தால் அவர்களுக்குத் தனிக் கொடுப்பனவு இருக்கிறது. குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக அதையும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள், அது தவறு.

தோட்டத்து விண்ணப்பங்கள் சறுக்குகிற இடங்கள் எனக்கு இப்போது மனப்பாடம். முதலாவது, ஒரே லயக் காம்பராவில் மூத்த மகன் குடும்பமும் அப்பா அம்மாவும் இருப்பார்கள், அடுப்பு இரண்டு, பதிவில் ஒரே குடும்பம். விண்ணப்பிக்கும் முன்பே கிராம சேவகரிடம் போய், உங்கள் பதிவில் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கேளுங்கள். இரண்டாவது, அடையாள அட்டையில் ஒரு பேர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பேர். ராமாயி என்பது ராமாய் என்று இருந்தாலே போதும், மாதக்கணக்கில் அலைய வைத்துவிடும். மூன்றாவது, கடிதம். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாமல் தோட்டத்துக்கு வருகிற கடிதம் கைமாறிக் கைமாறி வரும்போது நேர்முகத் திகதி முடிந்திருக்கும். எங்கள் வீட்டுக் கடிதம் ஒன்று மூன்று வாரம் ஒரு அலுவலக மேசையில் கிடந்தது, எந்த அலுவலகம் என்று சொல்லி என்ன ஆகப் போகிறது. அதற்குப் பிறகு விண்ணப்பத்தில் எப்போதும் எடுக்கிற போன் நம்பரைத்தான் எழுதுகிறேன், மகளுடையதாக இருந்தாலும் பரவாயில்லை.

வீடு பார்க்க வருகிறவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு “பரவாயில்லை, சமாளிக்கிறோம்” என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவார். கொழும்பில் கடையில் நிற்கிற மகன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அனுப்புகிற காசை மாத வருமானம் என்று சொல்லாதீர்கள், அனுப்பவே இல்லை என்றும் சொல்லாதீர்கள், எப்போது எவ்வளவு என்று சொல்லுங்கள். பட்டியலில் பேர் வராவிட்டால் மேன்முறையீடு செய்யலாம், அதற்குக் காலக்கெடு உண்டு. கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் போட்டோக் கொப்பி எடுத்து, வாங்கியவரின் கையெழுத்தும் திகதியும் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி ஆணியில் தொங்க விடுங்கள். ஒழுகுகிற கூரையின் கீழ் பெட்டிக்குள் வைத்த பத்திரம் எதுவும் மிஞ்சுவதில்லை. படிவம் சிங்களத்தில் மட்டும் கையில் கொடுத்தால் தமிழ்ப் படிவம் கேளுங்கள், தமிழ் அரச கரும மொழி, அது தயவு இல்லை. எங்கே போவது என்றே தெரியாதபோது அரச தகவல் நிலையத்தின் 1919க்கு எடுக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரச பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு உணவுத் திட்டம் இருக்கிறது, உங்கள் பள்ளிக்கூடத்தில் நடக்காவிட்டால் அதிபரைக் கேளுங்கள், தனியாகப் போகாமல் நாலு அம்மாமாராகப் போங்கள். மண்சரிவோ வெள்ளமோ வந்தால் கதை வேறு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியபோது சொந்தக்காரர் வீட்டில் தங்கியவர்களில் பலர், முகாமில் இல்லையே நமக்கெதற்கு என்று பேரே கொடுக்கவில்லை. எங்கே தங்கினாலும் கிராம சேவகரிடம் பதியுங்கள். அவசர நேரத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் நம்பர் 117.

இனிக் கடைக் கொப்பிக்கு வருவோம். அந்தக் கொப்பியில் மட்டும் நம் எல்லோருடைய பேரும் இருக்கிறது!

பத்தாம் திகதி சம்பளம் வந்ததும் பாதி பழைய கடனுக்குப் போய்விடும், பதினைந்தாம் திகதி மறுபடியும் கொப்பி திறக்கும். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் பசி நேரத்தில் அவர்தான் கொடுத்தார். ஆனால் நூறு கிராம் பருப்பு, ஒரு கைச் சீனி என்று கடனுக்கு எடுக்கும்போது எப்போதும் கூடத்தான் விழும். ஒரேயடியாகக் கொப்பியை மூட முடியாது, முயற்சி செய்து தோற்றிருக்கிறேன். ஒரு மாதம் அரிசியை மட்டும் கொப்பியிலிருந்து எடுத்துவிடுங்கள். சம்பள நாளில் மூன்று வீடு சேர்ந்து டவுனில் ஒரு மூட்டை வாங்கி, ஆட்டோக் கூலியையும் பங்கு போட்டுக்கொண்டால் விலையும் குறையும், நிறையும் சரியாக இருக்கும். அரசாங்கக் கடையான சதொசவிலும் கூட்டுறவுக் கடையிலும் விலையைப் பார்த்துவிட்டு மற்றக் கடைக்குப் போங்கள். அடுத்த மாதம் பருப்பு. அரிசிக்கு அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை போட்டிருக்கிற காலத்தில் அதற்கு மேல் விற்றால் நுகர்வோர் அதிகார சபையின் 1977க்குச் சொல்லலாம்.

மரக்கறிக்குச் சந்தைதான். நுவரெலியாவிலும் கெப்பட்டிபொலவிலும் பொருளாதார மத்திய நிலையம் இருக்கிற மாவட்டங்களில் இருந்துகொண்டு வாடிய கரட்டைக் கடையில் கிராம் கணக்கில் வாங்குகிறோம் என்பது எனக்கு இன்னும் ஆறாத விஷயம். ஞாயிறு சந்தைக்குக் கடைசி பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் போங்கள். லொறியில் திருப்பி ஏற்ற விரும்பாத சரக்குக்கு அப்போது விலை விழும். பீட்ரூட் இலை, ராபு இலை, நோக்கோல் இலை எல்லாம் அங்கே குப்பையாகக் கிடக்கும், கேட்டால் சும்மா தருவார்கள். மருந்தடித்த தோட்டத்து இலை, ஆகவே ஓடுகிற தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். சுண்டினால் எந்தக் கீரைக்கும் குறைந்ததில்லை.

சமையலில் பெரிய மாற்றம் ஒன்றும் தேவையில்லை. ரொட்டியும் சம்பலும் கொழுந்து மலையில் கை நனைக்காமல் சாப்பிடக் கூடிய சாப்பாடு, அதை விடு என்று சொல்கிறவர் ஒரு நாள் கூடை கட்டிப் பார்க்கட்டும். ஆனால் வெறும் கோதுமை மாவுக்குப் பதிலாக அதில் ஒரு பங்கு குரக்கன் மா சேருங்கள், துருவிய கரட்டோ பொடியாக அரிந்த கீரையோ பிசையுங்கள், முடிந்த நாளில் ஒரு முட்டை. மாவில் குறைகிறதைப் பருப்பும் பயறும்தான் ஈடு கட்டும், அதனால் சம்பலோடு கட்டிப் பருப்போ அவித்த கௌபியோ ஒரு டப்பாவில் போகட்டும். இரவுக்குச் சோறு, கீரை போட்ட பருப்பு, நெத்தலிப் பொரியல் இருந்தால் அது நல்ல சாப்பாடு, இறைச்சி இல்லையே என்று ஏங்க வேண்டாம். பசறை, மாத்தளைப் பக்கம் இருக்கிறவர்களுக்குப் பலாவும் ஈரப்பலாவும் முருங்கையும் இருக்கின்றன, குளிர் மலையில் இருக்கிற எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பதிலுக்கு உரச் சாக்கில் லீக்ஸும் கீரையும் வைக்கலாம், வேலியில் சவுசவு விடலாம். கோழியும் வளர்க்கலாம், கீரி விட்டு வைத்தால்.

சின்னப் பிள்ளைக்குச் சோற்றுத் தண்ணியைக் கரைத்துக் கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. ஆறு மாதம் முடிந்ததும் கெட்டியாகப் பிசைந்த சோறும் பருப்பும், அதில் ஒரு கரண்டி தேங்காய்ப் பாலோ எண்ணெயோ கொடுக்கத் தொடங்குங்கள். நெத்தலியை ஊற வைத்து உப்பைப் போக்கி, காய வைத்து வறுத்து இடித்துப் போத்தலில் வைத்துக்கொண்டால் தினமும் ஒரு சிட்டிகை தூவலாம். திரிபோஷாவில் தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்தால் வீட்டில் எல்லோரும் கை நீட்டுவார்கள், அது தெரிந்ததுதான். பேர் போட்ட பிள்ளையின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். பால்மா வாங்குகிற காசைப் பற்றி ஒன்று: அதைத் தேத்தண்ணியில் நிறம் மாறுகிற அளவுக்குக் கலந்து கொடுப்பது பிள்ளைக்குப் பால் கொடுத்ததாக ஆகாது. அதே காசுக்கு முட்டை வாங்குங்கள்.

அப்புறம் தேத்தண்ணி. சாப்பாட்டோடு குடித்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுக்க விடாது, இரத்தச் சோகை இருக்கிற பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பெரிய நட்டம். கிளினிக்கில் கொடுக்கிற இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியில் விழுங்கக் கூடாது. தேயிலை மலையில் நின்றுகொண்டு தேத்தண்ணியை நிறுத்து என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, என் அம்மாவே அடிக்க வருவார். பகல் ரொட்டியோடு வெந்நீர் கொண்டு போங்கள், கீரையில் தேசிக்காய் பிழியுங்கள், கொய்யா கிடைத்தால் ஒன்று சாப்பிடுங்கள். பிளேன் டீயை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து ஆற அமர இரண்டு கோப்பை குடியுங்கள்.