கார் விபத்து வழக்கு: தீர்ப்புத் தொகை உங்கள் தலையில் விழாமலிருக்க

கார் மோதி ஒருவர் காயப்பட்டால் எம்சிஓபி, அதாவது விபத்து இழப்பீடு கேட்கும் வழக்கு, வரத்தான் செய்யும். இழப்பீட்டை இன்சூரன்ஸ் கட்டுமா, வீட்டை விற்று நீங்கள் கட்டுவீர்களா என்பதை உங்கள் காகிதங்கள்தான் முடிவு செய்யும்.

தேர்டு பார்ட்டி பாலிசி, அதாவது உங்கள் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ், சட்டப்படி கட்டாயம். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் அதில் உச்சவரம்பு இல்லை. அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் ரூபாய். பிரீமியம் கொஞ்சம் குறைகிறதே என்று அந்தச் சொத்துச் சேத வரம்பை 6,000 ரூபாயாகக் குறைத்துவிடாதீர்கள். இன்னொன்று: தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால், உங்கள் காரில் சும்மா ஏறி வரும் மச்சானுக்கோ சித்திக்கோ அடிபட்டால் கம்பெனி கைவிரித்துவிடும். அவர்களுக்கும் சேர வேண்டுமானால் ஃபுல் இன்சூரன்ஸ்தான்.

பாலிசியில் தேதியோடு தொடங்கும் நேரத்தையும் பாருங்கள். காலை பத்துக்கு இடித்துவிட்டு மதியம் புதுப்பித்தால் உதவாது. ஒயிட் போர்டு காரை (சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பிளேட் கார்) வாடகைக்கு ஓட்டுவதும் பாலிசி நிபந்தனை மீறல்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் பழைய கார் விற்பனை. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு மறந்துவிடுகிறார்கள். வாங்கியவர் பெயர் மாற்றாமல், இன்சூரன்ஸும் இல்லாமல் ஓட்டி இடித்தால், ஆர்சியில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயர் மாறியதை ஆன்லைனில் பார்த்த பிறகே நிம்மதியாகுங்கள்.

சாவி கொடுக்கும் முன் லைசென்ஸைக் கேளுங்கள், சொந்தத் தம்பியானாலும். 18 வயது நிரம்பாத பிள்ளை ஓட்டினால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

இடித்துவிட்டால் முதலில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, போலீசுக்குச் சொல்லுங்கள். பிறகு பாலிசி எண், இடம், நேரம், காயப்பட்டவர், ஓட்டியவர் பெயர், லைசென்ஸ் விவரம் எல்லாம் எழுதிக் கம்பெனிக்கு அனுப்புங்கள். ரோட்டிலேயே பத்தாயிரம் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவது வழக்கைத் தடுக்காது. கம்பெனியைக் கேட்காமல் சமரசம் பேசியதும் பின்னால் பிரச்சினையாகும்.

சம்மன் வந்ததும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று மூலையில் போடாதீர்கள். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி வாதிடும்போது லைசென்ஸைக் காட்ட நீங்கள் அங்கே இல்லையென்றால், 'முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்' என்று தீர்ப்பாகலாம். வக்கீல் வைத்து, லைசென்ஸ், ஆர்சி, பாலிசி மூன்றையும் தாக்கல் செய்யுங்கள்.