சரித்திரக் காதல் நாவல் எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

கோட்டை இராச்சியத்து இளவரசன் செண்பகப் பெருமாளின் படை யாழ்ப்பாணத்தை நெருங்குகிறது. ஆண்டு 1450. நாயகி ஒடியற்கூழுக்குச் செத்தல் மிளகாய் அரைக்கிறாள். நாயகன் கதிரையில் இருந்தபடி யன்னலால் அவளைப் பார்க்கிறான். நண்பர் ஒருவர் வாசிக்கத் தந்த கையெழுத்துப் பிரதியின் முதல் பக்கம் இது.

மிளகாய் அமெரிக்கப் பயிர். போர்த்துக்கேயர் இந்தப் பக்கம் கொண்டுவந்த பிறகுதான் நம் அம்மிக்கு வந்தது. கதிரை, மேசை, யன்னல், அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் அவர்களுடைய மொழியிலிருந்து வந்த சொற்கள். சாவியும் அப்படித்தான். நல்ல வேளை, நமக்குத் திறப்பு இருக்கிறது. அவளை மிளகை அரைக்கவிட்டு, அவனைத் திண்ணையில் இருத்தினால் இந்தப் பக்கம் சரியாகிவிடும். இவை ஒரு மாலையில் திருத்தக்கூடிய பிழைகள்.

திருத்தக் கடினமானது வேறொன்று. அந்தப் பிரதியில் காதலர்களைப் பிரித்து வைத்தது ஒரு சந்தேகம். அவள் யாரோ ஒருவனுடன் கதைத்ததை நாயகன் கண்டுவிடுகிறான். அந்த ஆள் அவளுடைய தமையன். 'அது யார்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இருநூறு பக்கம் மிச்சம். இந்தத் தடை எந்தக் காலத்திலும், எந்த ஊரிலும் நடக்கும். அப்படியானால் வாசகரை 1450க்குக் கூட்டிப்போனது எதற்கு? காதலுக்கு வரும் தடை அந்தக் காலத்தின் வயிற்றிலிருந்தே பிறக்க வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

நம்மூர்ச் சரித்திரத்தில் அப்படிப்பட்ட தடைகளுக்குக் குறைவே இல்லை. ஒல்லாந்தர் ஆட்சியை எடுங்கள். தேவாலயத்தில் முடித்த கல்யாணம்தான் அரசாங்கத்தின் கண்ணில் கல்யாணம். வீட்டில் சைவம், வெளியில் ஞானஸ்நானப் பெயர் என்று எத்தனையோ குடும்பங்கள் இரட்டை வாழ்வு வாழ்ந்தன. இரவில் தாலி கட்டிய பெண் மறுநாள் பாதிரியார் முன் இன்னொரு பெயரில் நிற்கிறாள். அந்தப் பெயரை அவன் முதல் தடவை கேட்கும்போது அவன் முகம் என்ன ஆகிறது? நாவல் அங்கே இருக்கிறது.

அல்லது 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத்தின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை எடுங்கள். தாயின் சீதனம் பெண்மக்களுக்குப் போகும் முறை அதில் இருக்கிறது. ஆக, நம் நாயகி கையில் ஒன்றும் இல்லாத பேதை அல்ல. வீடும் வளவும் வரவேண்டியவள். அவனோடு போனால் எந்தக் காணியை இழப்பாள், பின்னால் நிற்கும் தங்கச்சிக்கு என்ன நடக்கும் என்று அவள் கணக்குப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் அவனைத் தெரிவு செய்தால், வாசிப்பவருக்கு நெஞ்சு நிறையும். அவளுக்கு இன்றைய பெண்ணின் மேடைப்பேச்சைக் கொடுப்பதும் பிழை, அழ மட்டும் தெரிந்த பொம்மையாக்குவதும் பிழை.

நெருக்கத்தைக் காட்டுவதிலும் பலர் அவசரப்படுகிறார்கள். முழுநிலவு, தாமரைத் தடாகம், 'தேவி!' என்று ஒரு விளிப்பு. நம்மிடம் வேலி இருக்கிறதே! பக்கத்து வளவுக்குப் போய்வர அதில் ஒரு பொட்டு, ஆள் நுழையும் அளவு இடைவெளி. ஒருநாள் தகப்பன் அதை அடைக்கச் சொல்கிறார். அடைக்க வந்தவன் அவள் காதலன்தான். படலைப் பக்கம் தொடங்கி வரிசையாகக் கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை, வைத்துக் கட்டிக்கொண்டு வருகிறான். பொட்டு இருந்த இடத்தில் ஒரேயொரு கிடுகை மட்டும் கட்டாமல் சாத்திவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போகிறான். அன்று பின்னேரம் முற்றம் கூட்ட வந்தவள் கை அந்தக் கிடுகில் படுகிறது. அது அசைகிறது. இதற்கு மேல் ஒரு வசனமும் வேண்டாம்.

முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். கடைசி அரசன் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1621இல் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். இது வாசகருக்குத் தெரியும். அதனால் கதைக்குக் கனம் சேர்க்க, அரசோடு சேர்த்துக் காதலர்களையும் சாகடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அரசன் போன பிறகும் சனம் இருந்தது, வடலி வளர்ந்தது, பிள்ளைகள் பிறந்தன. 1995இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு மழைக்குள் நடந்தவர்கள் இன்று உங்கள் வாசகர்கள். ஊர் விழுந்த பிறகும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்துக் குடும்பமானவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். இழப்பைக் குறைத்து எழுதச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் இழந்த இரண்டு பேர், கடைசிப் பக்கத்தில், வேறொரு ஊரில், புதுக் கிடுகு கட்டிக்கொண்டிருக்கட்டும். அவன் கட்டட்டும், இந்தத் தடவை கயிற்றின் மறுமுனையை அவள் பிடிக்கட்டும்.