அவுட்சோர்சிங் தொழிலை ஒரு நாடு எங்கிருந்து தொடங்க வேண்டும்

அவுட்சோர்சிங் தொழிலை, அதாவது வெளிநாட்டு நிறுவனங்களின் வேலைகளை உள்நாட்டிலிருந்தே செய்துகொடுக்கும் தொழிலை, வளர்க்க முடிவெடுக்கும் அரசுகள் பெரும்பாலும் கட்டடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. ஐடி பார்க், வரிவிலக்கு, திறப்பு விழா. பல வருடங்கள் கால் சென்டர் தளத்திலும் காப்பீடு, கணக்கு சார்ந்த பேக் ஆபிஸ் (வாடிக்கையாளர் கண்ணில் படாத பின்னணி வேலை) பிரிவுகளிலும் குழுக்களை நடத்தியவள் நான். முதலில் நான் கேட்பது வேறு கேள்வி. 15 பேரை இரவு ஷிப்டில் வைத்து வேலையை முடித்து, ராத்திரி என்ன நடந்தது என்று காலையில் கிளையன்ட்டிடம் (வேலை கொடுத்த நிறுவனத்திடம்) மறைக்காமல் சொல்லத் தெரிந்தவர்கள் உங்கள் நாட்டில் எத்தனை பேர்? அந்த டீம் லீடர்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்களோ, அந்த அளவுக்குத்தான் தொழில் வளரும்.

சரி, எந்த வேலையைப் பிடிப்பது? 'எதையும் செய்வோம்' என்று சொல்லும் நாட்டை வேலை கொடுப்பவர்கள் நம்புவதில்லை. உங்கள் ஆட்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கணக்கெடுங்கள். பிலிப்பைன்ஸில் ஆங்கிலமும் அமெரிக்கப் பழக்கமும் இருந்தன, அதனால் போனில் பேசும் வேலை அங்கே போனது. அங்கே நர்சிங் படித்தவர்கள் ஏராளம் என்பதால் மருத்துவக் காப்பீட்டு வேலையும் பின்னாலேயே போனது. இலங்கையில் கணக்கியல் தொழில்முறைத் தேர்வுகள் எழுதியவர்கள் நிறைய. அங்கே நிதி, கணக்கு வேலைகள் வளர்ந்தன. எகிப்து அரபு, ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, ஜெர்மன் பேசுபவர்களையும் காட்டி வேலை வாங்கியது.

மலிவான டேட்டா என்ட்ரியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 1983-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் டேட்டா என்ட்ரி வேலையை பார்படாஸுக்கு மாற்றியபோது அது பெரிய வாய்ப்பு. இன்று அந்த மாதிரி வேலையில் பெரும்பகுதியை மென்பொருளே படித்துப் பதிந்துவிடுகிறது. எளிமையான வாடிக்கையாளர் கேள்விகளும் அதே வழியில் போகின்றன. ஒரு மனிதர் யோசித்து முடிவெடுக்க வேண்டிய வேலைகளாகத் தேடுங்கள். தகராறில் இருக்கும் காப்பீட்டு கிளெய்ம், ஒத்துப்போகாத இன்வாய்ஸ், கோபத்தோடு இரண்டாவது முறை அழைக்கும் வாடிக்கையாளர்.

அடுத்து இணைப்பு. 2009-ல் கடலடிக் கேபிள்கள் வந்து சேரும்வரை பெரும்பாலான கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் வெளியுலகத் தொடர்புக்குச் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. கட்டணம் ஒருபக்கம், தாமதம் இன்னொரு பக்கம். சிக்னல் 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்க வேண்டும். நீங்கள் சொன்னதற்குப் பதில் வர அரை வினாடிக்கு மேல் ஆகும், இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுக்கொண்டே இருப்பார்கள். கேபிள் வந்தால் மட்டும் போதாது. 2008 ஜனவரியில் எகிப்து அருகே மத்தியதரைக் கடலில் கேபிள்கள் அறுந்தபோது இந்தியா வரை இணையம் தடுமாறியது. அதனால் இரண்டு கேபிள்கள், அவையும் வெவ்வேறு பாதைகளில், வெவ்வேறு இடங்களில் கரையேறும்படி வேண்டும். தொலைத்தொடர்பில் ஒரே நிறுவனத்தின் ஆதிக்கம் இருந்தால் முதலில் அதை உடையுங்கள். பிலிப்பைன்ஸ் 1995-ல் சட்டம் போட்டுப் போட்டியைத் திறந்துவிட்டது.

வரிச்சலுகை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட வேகம் முக்கியம். இந்தியா 1991-ல் அமைத்த மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு அனுமதியையும் டேட்டா இணைப்பையும் ஒரே இடத்தில் கொடுத்தது. பிலிப்பைன்ஸின் பொருளாதார மண்டலச் சட்டத்தின் கீழ் ஒற்றைக் கட்டடத்தைக்கூடச் சலுகை பெறும் மண்டலமாக அறிவிக்க முடிந்தது. ஹெட்செட்டும் கம்ப்யூட்டரும் சுங்கத்தில் வாரக்கணக்கில் கிடக்கக்கூடாது. பயிற்சி கொடுக்க வரும் கிளையன்ட் ஆட்களுக்கு விசா உடனே கிடைக்க வேண்டும். இந்த இரண்டையும் சரிசெய்தாலே பாதித் தலைவலி போய்விடும்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இல்லாமல் வங்கி, மருத்துவ வேலைகளைக் கேட்காதீர்கள். பிலிப்பைன்ஸ் 2012-லேயே இயற்றிவிட்டது. 2018-ல் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு ஐரோப்பிய கிளையன்ட் முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்பார். சட்டம் வேலை நடக்கும் தளத்திலும் தெரிய வேண்டும். கார்டு விவரங்களைக் கையாளும் அறைக்குள் போன் கிடையாது, பேனா கிடையாது, துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. பையை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போவதைப் பார்க்கத்தான் கிளையன்ட்டின் ஆடிட்டர் நேரில் வருகிறார்.

இனி ஆட்கள். உங்கள் நேரத்தையும் பணத்தையும் அதிகம் இங்கேதான் செலவழிக்க வேண்டும். நேர்காணலுக்கு வருபவர்களில் சிறுபகுதியினர்தான் தேறுவார்கள். கொஞ்சத்தில் தவறவிட்டவர்கள் அதைவிட அதிகம். பிலிப்பைன்ஸ் அரசு பயிற்சி உதவித்தொகையை அந்த நூலிழையில் தவறியவர்களுக்குக் கொடுத்தது, அருமையான யோசனை. பொதுவான ஆங்கில வகுப்புகளில் பணத்தைக் கொட்டுவதைவிட, நிறுவனமே 'இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும்' என்று திருப்பி அனுப்பியவரைச் சில வாரங்களில் வேலைக்குத் தயார் செய்யலாம்.

அப்புறம் டீம் லீடர்கள். அழைப்புகளில் நன்றாகப் பேசும் ஏஜென்ட் தானாக நல்ல டீம் லீடர் ஆகிவிடமாட்டார். அவருக்குத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய விஷயங்கள் உண்டு. பதிவான அழைப்பை ஏஜென்ட்டோடு சேர்ந்து உட்கார்ந்து கேட்பது, அவர் மனம் உடையாதபடி தவறைச் சொல்வது, யாருக்கு எந்த ஷிப்ட் என்று ரோஸ்டர் போடுவது, அழைப்புகள் குவியும்போது யாரை எங்கே மாற்றுவது, கெட்ட செய்தியைக் கிளையன்ட் கேட்கும் முன்னால் தானே எழுதி அனுப்புவது. கடைசியில் சொன்னதுதான் மிகவும் கஷ்டம். மேலதிகாரிக்கு மோசமான எண்ணிக்கையைக் காட்டப் பயப்படும் இடங்களில் அது ஒருநாளும் வராது. அரசு மானியம் கொடுப்பதாக இருந்தால், எத்தனை பேரை வேலைக்கு எடுத்தீர்கள் என்பதோடு எத்தனை உள்ளூர்க்காரர்களை டீம் லீடராக உயர்த்தினீர்கள் என்பதையும் நிபந்தனையாக வையுங்கள். வெளிநாடுகளில் இதே தொழிலில் இருக்கும் உங்கள் மக்களைத் தேடிப்பிடித்து முதல் மேலாளர்களாகக் கூட்டிவாருங்கள்.

இரவு ஷிப்டை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிலிப்பைன்ஸில் இரவு 10 முதல் காலை 6 வரையிலான வேலைக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் ஊதியம் சட்டப்படி உண்டு. வீட்டு வாசல்வரை பாதுகாப்பான வண்டி இல்லையென்றால் பெண்கள் வரமாட்டார்கள், வந்தவர்களும் நிற்கமாட்டார்கள். மூன்று மாதம் பயிற்சி கொடுத்த ஒருவர் நாலாவது மாதம் விலகினால் போட்ட காசு அத்தனையும் வீண். வண்டியையும் கூடுதல் ஊதியத்தையும் வெறும் செலவாகப் பார்க்கும் முதலாளிகளிடம் நான் ஒவ்வொரு முறையும் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

முதல் கிளையன்ட்டைச் சிறிய பைலட்டோடு, அதாவது சோதனை ஒப்பந்தத்தோடு, பிடியுங்கள், 20 பேர் உட்காரும் அளவு போதும். உங்கள் ஆட்களில் சிலரை அவர்களுடைய அலுவலகத்துக்கே அனுப்பி, வேலை செய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படியையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கையேட்டில் இல்லாத விதிவிலக்குகள் அங்கேதான் கிடைக்கும். ஒரு பெரிய பெயர் நன்றாக நிலைத்தால் மற்றவர்கள் வருவார்கள். கோஸ்டா ரிக்கா 1990களின் பிற்பகுதியில் சிப் தயாரிக்கும் இன்டெலைக் கொண்டுவந்தது, சீக்கிரமே புராக்டர் அண்ட் கேம்பிளின் சேவை மையமும் அங்கே திறந்தது. 2014-ல் இன்டெல் தன் சிப் அசெம்பிளி, சோதனை வேலைகளை அங்கிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தபோதும், பொறியியல் வேலைகள் தொடர்ந்தன.

வருடா வருடம் அமைச்சகம் வெளியிட வேண்டிய கணக்கு இரண்டுதான்: பைலட்டுக்குப் பிறகு வேலையைக் கூட்டிக் கொடுத்த கிளையன்ட்டுகள் எத்தனை, ஏஜென்ட்டாகச் சேர்ந்து மேலாளரானவர்கள் எத்தனை.