பூட் ஆகும்போது கெர்னல் மாட்யூல் எரர் கொட்டுதா? முதல்ல அதைக் கூப்பிட்டது யாருன்னு பாருங்க

எங்க தெருமுனைல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கற அக்காவோட டெஸ்க்டாப்புக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தது நான்தான். நல்லா ஓடிட்டிருந்த மெஷின், ஒருநாள் காலைல போன் பண்ணி "தம்பி, ஆன் பண்ணா கருப்பு ஸ்கிரீன்ல ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடுது, ரொம்ப நேரம் கழிச்சுதான் டெஸ்க்டாப் வருது, ஹால் டிக்கெட் எடுக்க பசங்க வரிசைல நிக்கறாங்க"ன்னாங்க. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஐ/ஓ எரர், டெவ் எஃப்டி0, செக்டர் 0ன்னு வரிசையா இருந்துச்சு. எஃப்டி0ன்னா ஃப்ளாப்பி டிரைவ். அந்த கேபினட்ல ஃப்ளாப்பி டிரைவ்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இல்லாத டிரைவுக்கு எதுக்கு டிரைவர் லோடு ஆகுது? (லினக்ஸோட மையமான கெர்னல்ல தேவைப்படும்போது வந்து சேர்ற இந்த மாதிரி துண்டுக்குத்தான் மாட்யூல்னு பேர்.)

இந்தக் கேள்விக்கு பதில் தெரிஞ்சுக்கிட்டாலே முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. நெட்ல தேடினா எல்லாரும் எடுத்தவுடனே பிளாக்லிஸ்ட் பண்ணுங்க, அதாவது அந்த மாட்யூலை ஏத்தாதேன்னு எழுதி வைங்கன்னுதான் சொல்லுவாங்க, அது தப்புன்னு சொல்ல வரல, நானும் பண்றதுதான், ஆனா மாட்யூல் தானா வராது, யாரோ ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வரும். கூப்பிட்டது யாருன்னு தெரியாம கதவை மட்டும் சாத்தினா அது வேற வழியா வந்து நிக்கும், இல்லன்னா வேணுங்கற ஏதாவது வெளிய நின்னுடும்.

ஒரு விஷயம், கமாண்டெல்லாம் போன்ல சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதறேன், டெர்மினல்ல அடிக்கும்போது இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கங்க. நான் சொல்றது மின்ட், உபுண்டு, டெபியன் வச்சிருக்கறவங்களுக்கு, மத்ததுல எங்க மாறுதோ அங்க சொல்றேன்.

முதல்ல எரர் என்னன்னு முழுசாப் படிக்கணும். பூட் ஆகறப்ப ஓடிப்போற எழுத்தைக் கண்ணால பிடிக்க முடியாது, அதனால உள்ள போன பிறகு ஜர்னல்சிடிஎல் அடிச்சு, ஒரு கோடு (ஹைஃபன்) போட்டு பூட்டுக்கு வர்ற பி, ஸ்பேஸ் விட்டு இன்னொரு கோடு போட்டு பிரையாரிட்டிக்கு வர்ற பி, அப்புறம் எர்ர் (இ, ஆர், ஆர்) அடிங்க. இந்த பூட்ல வந்த எரர் மட்டும் வரும். டிமெஸ்ஜி (டி, எம், இ, எஸ், ஜி) கமாண்டும் பாக்கலாம், இப்ப வர்ற வெர்ஷன்ல அதுக்கு முன்னாடி சூடோ (அட்மின் உரிமையோட ஓட்டச் சொல்ற வார்த்தை) போட்டாத்தான் காட்டும். எந்த மாட்யூல் பேர் அடிபடுதோ அதை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க.

இப்ப கூப்பிடறது யாருன்னு பாக்கலாம். எனக்குத் தெரிஞ்சு டெஸ்க்டாப்ல அடிக்கடி வம்பு பண்றது மூணு வழி.

மொத வழி ஹார்டுவேர். போர்டுல இருக்கற ஒவ்வொரு டிவைஸும் தனக்குன்னு ஒரு அடையாள எண்ணைக் காட்டும், யூடெவ்ங்கற பின்னணி ப்ரோக்ராம் அந்த எண்ணைப் பாத்து எந்த மாட்யூல்ல அது எழுதியிருக்கோ அதைக் கொண்டுவந்து ஏத்தும். மாட்இன்ஃபோன்னு அடிச்சு பக்கத்துல மாட்யூல் பேரைப் போட்டா ஏலியஸ்னு சில வரிகள் வரும், அந்த அடையாளம்தான் அது. அக்கா மெஷின்ல மாட்இன்ஃபோ ஃப்ளாப்பின்னு போட்டுப் பாத்தேன், பிஎன்பி0700ன்னு ஒரு ஏலியஸ் இருந்துச்சு. அது ஃப்ளாப்பி கன்ட்ரோலருக்கு உள்ள எண். அப்ப யாரோ "இங்க ஃப்ளாப்பி கன்ட்ரோலர் இருக்கு"ன்னு கெர்னல்கிட்ட சொல்றாங்க, அந்த இடத்துல இருந்து அப்படிச் சொல்லக்கூடியது பயாஸ் (ஆன் பண்ணதும் லினக்ஸுக்கு முன்னாடியே ஓடற, போர்டுக்குள்ள இருக்கற ப்ரோக்ராம்) மட்டும்தான். பயாஸுக்குள்ள போனா டிரைவ் ஏங்கற இடத்துல 1.44 எம்பின்னு நிக்குது! அதை டிஸேபிள் பண்ணி சேவ் பண்ணி வந்தேன், ஒரு எரர் வரி கூட இல்ல, பிளாக்லிஸ்டும் தேவைப்படல.

இதே ஜாதிதான் கேவிஎம் (ஒரு கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு விர்ச்சுவல் மெஷின் ஓட்ட உதவற மாட்யூல்) எரரும். ப்ராசஸர்ல விர்ச்சுவலைசேஷன் வசதி இருக்கும், பயாஸ்ல அதை ஆஃப் பண்ணி வச்சிருப்பாங்க, ப்ராசஸரைப் பாத்துட்டு கேவிஎம் மாட்யூல் வரும், வந்து பாத்துட்டு டிஸேபிள்டு பை பயாஸ்னு எழுதிட்டுப் போயிடும். விர்ச்சுவல் மெஷின் ஓட்டுவீங்கன்னா பயாஸ்ல இன்டெல்னா விடி-எக்ஸ், ஏஎம்டின்னா எஸ்விஎம் ஆன் பண்ணுங்க. ஓட்ட மாட்டீங்கன்னா அந்த வரியை அப்படியே விட்டுடுங்க, அதனால மெஷினுக்கு ஒரு கெடுதலும் இல்ல.

ரெண்டாவது வழி லிஸ்ட். இதுதான் ரொம்பப் பேரைப் பயமுறுத்தறது, ஏன்னா பூட் ஆகும்போது சிவப்பு எழுத்துல ஃபெயில்டு, லோடு கெர்னல் மாட்யூல்ஸ்னு வரும், அதைப் பாத்துட்டு கெர்னலே போச்சுன்னு நெனச்சு மறுபடி ஃபுல்லா இன்ஸ்டால் பண்ணவங்களை எனக்கே தெரியும். விஷயம் ரொம்பச் சின்னது. பூட் ஆகும்போது இந்த இந்த மாட்யூலை ஏத்துன்னு சில ஃபைல்ல பேர் எழுதியிருக்கும், சிஸ்டம்டி (பூட் ஆகறப்ப மத்த சர்வீஸையெல்லாம் ஆரம்பிச்சு வைக்கற ப்ரோக்ராம்) அதை ஒவ்வொண்ணா வாசிச்சு ஏத்தும், சில வெர்ஷன்ல அதுல ஒரு பேர் கிடைக்கலன்னாலும் மொத்த சர்வீஸையும் ஃபெயில்டுன்னு காட்டிடும். மத்த பேரெல்லாம் ஒழுங்கா ஏறியிருக்கும்.

எந்தப் பேர்னு பாக்க சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் அடிச்சு சிஸ்டம்டி-மாட்யூல்ஸ்-லோடுன்னு போடுங்க, கீழ கடைசி வரிகள்ல ஃபெயில்டு டு ஃபைண்டு மாட்யூல்னு சொல்லி பேரைக் காட்டும். இப்ப அந்தப் பேர் எந்த ஃபைல்ல இருக்குன்னு தேடணும். ஈடிசி (இ, டி, சி) ஃபோல்டருக்குள்ள மாட்யூல்ஸ்னு ஒரு ஃபைல், ஈடிசிக்குள்ளயே மாட்யூல்ஸ்-லோடு.டின்னு ஒரு ஃபோல்டர், யூஎஸ்ஆர் லிப்புக்குள்ள அதே பேர்ல இன்னொரு ஃபோல்டர், இந்த மூணுல ஒண்ணுலதான் இருக்கும். கிரெப், கோடு போட்டு ஆர், மாட்யூல் பேர், அப்புறம் இந்த மூணு இடத்தோட பாத், இப்படி ஒரே வரில அடிச்சா எந்த ஃபைல்னு காட்டிடும்.

விர்ச்சுவல் மெஷின் ஓட்டற விர்ச்சுவல்பாக்ஸ் சாஃப்ட்வேருக்காக வீபாக்ஸ்டிஆர்வின்னு கையால ஒரு ஃபைல் எழுதி வச்சிருப்பீங்க, அப்புறம் விர்ச்சுவல்பாக்ஸை எடுத்துட்டீங்க, ஃபைல் அங்கயே இருக்கும், ஒவ்வொரு பூட்டுக்கும் இல்லாத ஆளைக் கூப்பிட்டுட்டே இருக்கும். அந்த ஃபைலை அழிச்சா முடிஞ்சுது. இன்னொண்ணு கப்ஸ்-ஃபில்டர்ஸ்.கான்ஃப்னு பிரிண்டர் சாஃப்ட்வேர் கொண்டுவந்து வைக்கற ஃபைல், அதுல எல்பி, பிபிடெவ், பார்போர்ட்_பிசின்னு மூணு பேர் இருக்கும், மூணும் பழைய பேரலல் போர்ட் பிரிண்டருக்கானது. யூஎஸ்பி பிரிண்டர் மட்டும்தான்னா அந்த மூணு வரிக்கும் முன்னாடி ஒரு ஹேஷ் போட்டுடுங்க. ஆனா பில் போட டாட் மேட்ரிக்ஸ் வச்சிருக்கற கடைன்னா முதல்ல பின்னாடி போய் கேபிளைப் பாருங்க, அகலமா ரெண்டு பக்கமும் திருகு வச்ச கேபிள் போகுதுன்னா அந்த வரியைத் தொடவே தொடாதீங்க, பிரிண்டர் நின்னுடும்.

ஃபைல் யூஎஸ்ஆர் லிப்புக்குள்ள இருந்தா அதை எடிட் பண்ணாதீங்க, அடுத்த அப்டேட்ல பழையபடி வந்துடும். ஈடிசி பக்கம் இருக்கற மாட்யூல்ஸ்-லோடு.டி ஃபோல்டர்ல அதே பேர்ல டெவ் நல்லுக்கு (என், யூ, எல், எல், எப்பவும் காலியா இருக்கற ஃபைல்) ஒரு லிங்க் போட்டுட்டா உள்ள இருக்கற ஃபைலை சிஸ்டம்டி கண்டுக்காது. மாத்தின பிறகு ரீபூட் கூட வேண்டாம், சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் போட்டு அதே சர்வீஸ் பேரைக் கொடுங்க, எரர் இல்லாம வந்தா சரியாயிடுச்சு.

மூணாவது வழி சொந்தக்காரங்க. ஒரு மாட்யூலுக்கு இன்னொண்ணு வேணும்னா அதையும் கூடவே இழுத்துட்டு வரும். எல்எஸ்மாட் அடிச்சா கடைசி காலத்துல யூஸ்டு பைன்னு இருக்கும், அங்க வேற மாட்யூல் பேர் இருந்தா அதுக்காகத்தான் இது உள்ள இருக்கு. இதைப் பாக்காம பிளாக்லிஸ்ட் பண்ணிட்டு "பண்ணியும் வருதே"ன்னு தலையைப் பிச்சுக்கறவங்கதான் நிறைய.

ஏன்னா பிளாக்லிஸ்டுங்கற வார்த்தையே கொஞ்சம் ஏமாத்தும். ஹார்டுவேரைப் பாத்து தானா ஏத்தறதை அது தடுக்கும், அவ்வளவுதான். இன்னொரு மாட்யூல் இழுத்துட்டு வந்தாலோ, ஏதாவது ஸ்கிரிப்ட் மோட்ப்ரோப்ங்கற (மாட்யூலை ஏத்தற) கமாண்டால பேர் சொல்லிக் கூப்பிட்டாலோ அது தடுக்காது. அதையும் தடுக்கணும்னா பிளாக்லிஸ்ட் வரிக்குக் கீழ இன்னொரு வரி, இன்ஸ்டால், ஸ்பேஸ், மாட்யூல் பேர், ஸ்பேஸ், ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் ஃபால்ஸ்னு எழுதணும். அப்ப யார் கூப்பிட்டாலும் அந்த மாட்யூலுக்கு பதிலா ஃபால்ஸ்ங்கற ஒண்ணுமில்லாத ப்ரோக்ராம் ஓடி முடிஞ்சுடும்.

பிளாக்லிஸ்டே சரியான மருந்தா இருக்கற கேஸும் உண்டு. டிரைவர் பிசிஎஸ்பிகேஆர் ஆல்ரெடி ரெஜிஸ்டர்டு, அபார்ட்டிங்னு ஒரு எரர் பாத்திருப்பீங்க. போர்டுல பீப் அடிக்கற குட்டி ஸ்பீக்கருக்கு பிசிஎஸ்பிகேஆர், எஸ்என்டி_பிசிஎஸ்பின்னு ரெண்டு மாட்யூல் இருக்கு, ரெண்டும் ஒரே ஏலியஸுக்கு ஓடி வரும், முன்னாடி வந்தது உக்காந்துக்கும், பின்னாடி வந்தது எரர் போட்டுட்டுப் போகும். இதுல ஹார்டுவேர் மேலயும் தப்பில்ல, லிஸ்ட்லயும் ஒண்ணும் இல்ல, ஒருத்தரை நிறுத்தினாத்தான் தீரும். எஸ்என்டி_பிசிஎஸ்பியை பிளாக்லிஸ்ட் பண்ணுங்க.

ஆனா நேரா ஃபைல்ல எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் சோதிச்சுப் பாருங்க, இதை நான் கெஞ்சியே கேக்கறேன். ஆன் பண்ணும்போது கிரப் மெனு (எதை பூட் பண்ணணும்னு கேக்கற லிஸ்ட்) வரலன்னா பழைய பயாஸ் மெஷின்ல ஷிஃப்ட், யூஇஎஃப்ஐன்னா (பயாஸோட புது வகை) எஸ்கேப் அமுக்குங்க. மெனு வந்ததும் இ எழுத்தை அமுக்கி, லினக்ஸ்னு ஆரம்பிக்கற வரியோட கடைசில ஒரு ஸ்பேஸ் விட்டு மோட்ப்ரோப்.பிளாக்லிஸ்ட், ஈக்வல், மாட்யூல் பேர் எழுதி எஃப்10 அமுக்குங்க. ஸ்கிரீன், சவுண்ட், நெட், கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ் எல்லாம் வேலை செய்யுதா பாருங்க. ஏதாவது போச்சுன்னா சும்மா ரீஸ்டார்ட் பண்ணுங்க, பழையபடி ஆயிடும்.

நல்லா இருந்தா சூடோ நானோ (டெர்மினல்லயே ஓடற எடிட்டர்) போட்டு ஈடிசிக்குள்ள மோட்ப்ரோப்.டி ஃபோல்டர்ல புதுசா ஒரு ஃபைல் திறந்து பிளாக்லிஸ்ட், ஸ்பேஸ், மாட்யூல் பேர்னு எழுதுங்க. ஃபைல் பேர் டாட் கான்ஃப்னு முடிஞ்சே ஆகணும், இல்லன்னா அதைப் படிக்கவே படிக்காது. ஃபைலுக்கு மேல ஹேஷ் போட்டு என்னைக்கு, எதுக்காக எழுதினீங்கன்னு ஒரு வரி எழுதி வைங்க, ஒரு வருஷம் கழிச்சு நமக்கே ஞாபகம் இருக்காது. அப்புறம் சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், கோடு போட்டு யூ. இந்தக் கடைசி ஸ்டெப்பை விட்டுடறவங்க ஜாஸ்தி. பூட்டோட ஆரம்பத்துல ஓடற குட்டி சிஸ்டத்துக்குள்ள மோட்ப்ரோப் ஃபைலோட காப்பி ஒண்ணு இருக்கு, அதைப் புதுப்பிக்கலன்னா நீங்க எழுதினது அதுக்குத் தெரியாது, மாட்யூல் அங்கயே ஏறிடும். ஃபெடோரால இதுக்கு ட்ராகட், கோடு போட்டு எஃப், ஆர்ச்சுல எம்கேஇனிட்சிபிஐஓ, கோடு போட்டு பெரிய பி.

அதையும் மீறி ஏதாவது தப்பாப் போய் ஸ்கிரீன் கருப்பாவே நின்னா, அதே கிரப் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் ரெகவரி மோடு எடுத்து ரூட் ஷெல்லுக்குள்ள போங்க, மவுன்ட், கோடு ஓ, ரீமவுன்ட் கமா ஆர்டபிள்யூ, ஸ்பேஸ், ஸ்லாஷ் அடிச்சா டிஸ்க்ல எழுத முடியும், எழுதின ஃபைலை அழிச்சுட்டு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் மறுபடி ஓட்டுங்க.

கீ ரிஜெக்டட் பை சர்வீஸ்னு வந்தா அது வேண்டாத மாட்யூல் பிரச்சினை இல்ல, செக்யூர் பூட்ங்கற பாதுகாப்பு வசதி, கையெழுத்து இல்லாத மாட்யூலை உள்ள விட மாட்டேங்குது, அதை பிளாக்லிஸ்ட் பண்ணி எரரை மறைச்சா உங்க கிராஃபிக்ஸ் கார்டோ வைஃபையோதான் வேலை செய்யாமப் போகும். அதே மாதிரி மாட்யூல் நாட் ஃபவுண்டுன்னு சொல்லி பக்கத்துல ஒரு கெர்னல் வெர்ஷன் காட்டினா, கெர்னல் அப்டேட் ஆகியும் அந்த மாட்யூல் புது கெர்னலுக்கு பில்டு ஆகலயோ என்னவோன்னு டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் அடிச்சுப் பாருங்க.

அக்கா மெஷினுக்கு வர்றேன். பயாஸ்ல மாத்திட்டு வந்தேன்னு சொன்னேன்ல, மறுநாள் காலைலயே திரும்ப போன், அதே எழுத்து ஓடுதுன்னு. நேர்ல போய் உக்காந்து பாத்தா பயாஸ்ல ஃப்ளாப்பி மறுபடி 1.44 எம்பிக்கு வந்து நிக்குது, தேதியும் பல வருஷம் பின்னாடி போயிருக்கு. தேதியைப் பாத்த உடனே புரிஞ்சுது. அக்கா ராத்திரி கடை சாத்தும்போது மெயின் ஸ்விட்சையே ஆஃப் பண்ணிட்டுப் போறவங்க, போர்டுல இருக்கற பட்டன் செல் செத்துப் போச்சு, கரண்ட் போன உடனே பயாஸ் எல்லாத்தையும் மறந்துட்டு கம்பெனில வந்த செட்டிங்குக்கே போயிடுது, அந்த செட்டிங்ல ஃப்ளாப்பி ஆன். இத்தனை நாள் நல்லா இருந்த மெஷின்ல திடீர்னு எரர் வந்ததுக்கும் அதுதான் காரணம். செல் கிடைக்கற வரைக்கும் ஃப்ளாப்பியை பிளாக்லிஸ்ட் பண்ணி வச்சேன், சாயந்திரம் பக்கத்து வாட்ச் கடைல சிஆர்2032, 3 வோல்ட் செல் வாங்கி, பவர் கார்டை உருவிட்டு மாத்தி, பயாஸ்ல தேதியும் ஃப்ளாப்பியும் சரி பண்ணி, பிளாக்லிஸ்ட் ஃபைலை எடுத்துட்டு இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டிட்டு வந்தேன். அதுக்கப்புறம் அந்த வரி வரல.