பையருக்கு மெயில் எழுதும்போது ‘டெஃபினிட்லி’யை எங்கே வைப்பது?

திருப்பூரில் மெர்ச்சன்டைசர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. ஆர்டர் கொடுத்துச் சரக்கு வாங்கும் பையரோடு பேசி, சொன்ன நாளில் சரக்கைப் போக வைப்பதுதான் அந்த வேலை. நேவி புளூ ஷேடு இரண்டாவது முறையும் லேப் டிப்போடு (பையர் ஒப்புக்கொண்ட சாயச் சாம்பிள் துண்டு) ஒத்துவரவில்லை. துணி டையிங்கிலேயே கிடக்கிறது. வெள்ளிக்கிழமை சரக்கு போகாது என்பது செக்கிங் அக்காக்கள் வரைக்கும் தெரிந்துவிட்டது. “கண்டிப்பா முடியாதுன்னு பையருக்கு ஒரு மெயில் போட்டுரு அம்மிணி” என்றார் ஓனர். நானும் போட்டேன்: ‘வீ கேனாட் டெஃபினிட்லி ஷிப் ஆன் ஃப்ரைடே.’

நன்றி, காத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. சனிக்கிழமை காலையில் போன்: சரக்கு எங்கே?

நான் எழுதியதை அவர்கள் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். ‘வெள்ளிக்கிழமை அனுப்புவோம் என்று உறுதி கூற முடியாது, போனாலும் போகும்’ என்பதுதான் அந்த வாக்கியத்தின் பொருள். “முடியாதுன்னு எழுதச் சொன்னா, முடிஞ்சாலும் முடியும்னு எழுதியிருக்கறயே!” என்று ஓனர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை இங்கே தருகிறேன். ஆங்கில வாக்கியங்களை வேண்டுமென்றே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், காதுக்கு ஓட்டம் பிடிபடும்.

கேன், குட், வில், வுட், மே, மைட், மஸ்ட், ஷுட் ஆகிய மோடல்களின் அர்த்தம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நேராக விஷயத்துக்கு வருவோம்.

படி 1: இடைவெளியைக் கண்டுபிடியுங்கள்

‘துணி அநேகமாக நாளைக்கு வரலாம்.’ இதில் ‘லாம்’ வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ‘அநேகமாக’ முன்னால் தனியாக நிற்கிறது. ஆங்கிலத்தில் மோடல் வினையோடு ஒட்டாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். ப்ராபப்லி, டெஃபினிட்லி, ஆல்ரெடி, ஆல்வேஸ், ஆல்ஸோ போன்ற அட்வெர்ப்கள் (வினையடைகள்) எல்லாம் பெரும்பாலும் அந்தச் சந்தில்தான் உட்காரும்.

‘த ஃபேப்ரிக் வில் ப்ராபப்லி கம் டுமாரோ.’
‘த சாம்பிள்ஸ் ஷுட் ஆல்ரெடி ஹேவ் ரீச்டு யூ.’

இரண்டாவது வாக்கியத்தில் ஹேவுக்குப் பின்னாலும் ஆல்ரெடியை வைக்கலாம், தப்பில்லை. குழப்பமாக இருந்தால் மோடலை ஒட்டியே வைத்துவிடுங்கள்.

எப்படிச் செய்வது என்று சொல்லும் சொற்கள் மட்டும் கடைசிக்குப் போகட்டும்: ‘யூ மஸ்ட் செக் த லேபிள்ஸ் கேர்ஃபுல்லி.’

படி 2: ‘நாட்’ எதைப் பிடிக்கிறது?

நான் விழுந்த குழி இதுதான். ‘நாட்’ பொதுவாகத் தனக்குப் பின்னால் வருவதைப் பிடித்துக்கொள்ளும். ‘கேனாட் டெஃபினிட்லி’ என்றால் உறுதி அடிபடுகிறது. ‘டெஃபினிட்லி கேனாட்’ என்றால் அனுப்புவதே அடிபடுகிறது, மறுப்பு உறுதியாகிறது. அன்று நான் எழுதியிருக்க வேண்டியது: ‘வீ டெஃபினிட்லி கேனாட் ஷிப் ஆன் ஃப்ரைடே.’

ரியலி என்ற சொல்லில் இதே வித்தியாசத்தைப் பாருங்கள். ‘ஐ கான்ட் ரியலி ஸே’ என்பது மழுப்பல், ‘அப்படிச் சொல்லிவிட முடியாதுங்க’ என்கிற மாதிரி. ‘ஐ ரியலி கான்ட் ஸே’ என்றால் சத்தியமாகச் சொல்ல முடியாது, இதற்கு மேல் கேட்காதே.

ப்ராபப்லிக்கும் ஒரு பழக்கம் உண்டு. வில் என்றால் பின்னால் வரும், வோன்ட் என்றால் முன்னால் போய்விடும்: ‘வீ வில் ப்ராபப்லி ஷிப்’, ‘வீ ப்ராபப்லி வோன்ட் ஷிப்.’ மோடலோடு நாட் ஒட்டிச் சுருங்கினால் ப்ராபப்லி முன்னால் என்று மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

படி 3: ஜோடிப் பொருத்தம்

‘ஒருவேளை கண்டிப்பாக வந்துவிடும்’ என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். மஸ்டோடு ஷ்யூர்லி சேரும். மே, மைட், குட் ஆகியவற்றோடு பாசிப்லி சேரும். ‘இட் மஸ்ட் பாசிப்லி பீ லேட்’ என்றால் ஒரு கால் ஆற்றிலும் ஒரு கால் சேற்றிலும் நிற்கிறது.

மே வெல், மைட் ஏஸ் வெல் இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். ‘த கன்டெய்னர் மே வெல் மிஸ் த வெசல்’ என்றால் தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. ‘வீ மைட் ஏஸ் வெல் ஹேவ் டீ’ என்றால், லாரிதான் இன்னும் வரவில்லையே, சும்மா நிற்பதற்கு டீயாவது குடிக்கலாம்.

நம்ம ஊர்ப் பேச்சில் ‘அனுப்புங்க’ என்றால் அந்த ‘ங்க’வே மரியாதையைச் சுமந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையை மோடலும் அட்வெர்ப்பும் சேர்ந்து செய்யும்: ‘குட் யூ பாசிப்லி செண்ட் த ஆர்ட்வொர்க் டுடே?’ வெறும் ‘செண்ட் த ஆர்ட்வொர்க்’ என்று எழுதினால் ‘ங்க’ போடாமல் பெரியவரைக் கூப்பிட்ட மாதிரி.

எதை வைத்துப் பழகுவது? மொழிபெயர்ப்பு ஆப்பில் முழு வாக்கியத்தைப் போட்டு வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. வந்தது சரியா என்று பார்க்கவே இலக்கணம் தெரிய வேண்டியிருக்கிறது. கேம்பிரிட்ஜ் ஆன்லைன் அகராதி இலவசம், பெரும்பாலான சொற்களுக்கு உதாரண வாக்கியம் இருக்கும், உச்சரிப்பும் கேட்கலாம். அதைவிட ஒரு நாற்பது பக்க நோட்டு மேல். பையர் எழுதும் மெயிலில் வரும் ஜோடிகளைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். எனக்கு மே வெல் பிடிபட்டது அப்படித்தான்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஈரோட்டில் ஜவுளிக் கணக்கு பார்க்கும் ஒரு தம்பி மடக்கினார். “அக்கா, ‘வீ கான்ட் பாசிப்லி அக்செப்ட் திஸ் ப்ரைஸ்’னு வந்திருக்குதுங்க. உங்க கணக்குப்படி ஒருவேளை ஒத்துக்குவாங்களா?” இல்லை தம்பி, ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். நாட் பாசிப்லியைப் பிடித்ததும் எந்த வழியிலும் சாத்தியமில்லை என்றாகிவிடுகிறது. விதி அதேதான், விளைவுதான் டெஃபினிட்லிக்கு நேர் தலைகீழ். முன்னால் வைத்து ‘வீ பாசிப்லி கான்ட்’ என்றால்தான் ‘ஒருவேளை முடியாமல் போகலாம்.’ தம்பி விலையைக் குறைத்து மறுபடி கொட்டேஷன் எழுதி எனக்கு அனுப்பினார். அதில் ‘வீ கான்ட் ஹார்ட்லி ரெட்யூஸ் மோர்’ என்று இருந்தது. ஹார்ட்லிக்குள்ளேயே ஒரு ‘நாட்’ ஒளிந்திருக்கிறது, கேன் ஹார்ட்லி போதும் என்று திருத்திக் கொடுத்தேன்.