பந்தயக் குதிரைக்கு மருந்து: நாள் எண்ணுவதில் விடும் பிழைகள்

"பியூட் குடுத்து ஏழு நாள் முடிஞ்சுதுதானே, ஓட விடலாம்." கொழும்பிலிருந்து நுவரெலியாவின் ஏப்ரல் பந்தயத்துக்குக் குதிரை ஏற்றுமுன் போடும் இந்தக் கணக்கு ஆபத்தானது. பியூட் என்கிற நோ மருந்தான ஃபீனைல்பியூட்டசோனுக்கு ஐரோப்பாவில் சொல்லப்படும் 168 மணித்தியாலம் வெறும் கண்டறியும் காலம். குறித்த அளவில் மருந்து பெற்ற ஒருசில ஆரோக்கியமான குதிரைகளின் உடலில் அது பரிசோதனை வரம்புக்குக் கீழே இறங்க எடுத்த நேரம். உங்கள் குதிரைக்கு வயது கூடியிருக்கலாம், மருந்தும் கூடுதலான நாட்கள் போயிருக்கலாம். அதனால் மிருக வைத்தியர் மேலும் சில நாட்களைக் கூட்டியே விலகல் காலத்தை, அதாவது ஓட விடுமுன் காத்திருக்க வேண்டிய நாட்களைச் சொல்வார். கடைசி வேளையிலிருந்து எண்ணுங்கள், முதல் வேளையிலிருந்து அல்ல. பந்தய ஏற்பாட்டாளரின் விதியையும் முன்கூட்டியே கேளுங்கள். நொண்டுகிற குதிரைக்கு மருந்தை நிறுத்தி ஓட விடுவது கொடுமை, பந்தயத்திலிருந்து விலக்குங்கள்.

புரொகெயின் பெனிசிலினை வெறும் அன்டிபயோட்டிக் என்று நினைப்பது அடுத்த பிழை. அதிலுள்ள புரொகெயின் மரக்கச் செய்யும் மருந்து, வலியை மறைக்கும். தசையில் போட்ட இடத்திலிருந்து மெதுவாகக் கசிவதால் வாரக்கணக்கில் சிறுநீரில் தெரியலாம். பந்தயம் கிட்டிய குதிரைக்கு வேறு மருந்து உண்டா என்று ஊசி போடுமுன்னே கேட்க வேண்டும்.

நாள் சரியாக எண்ணியும் அகப்படுவது பெரும்பாலும் லாயத்தில்தான். ஃப்ளூனிக்ஸின் என்ற நோ மருந்து சிறுநீரோடு வெளியேறி வைக்கோலில் ஊறும். குதிரை அந்த வைக்கோலை மென்றால் மருந்து மறுபடி உள்ளே போகும். சிகிச்சை முடிந்ததும் படுக்கை முழுவதையும் அள்ளி, தரையைக் கழுவிப் புதிது போடுங்கள். மருந்து கலந்த வாளிக்கு நிறக்குறி இட்டு, அதை வேறு குதிரைக்குக் கொடுக்காதீர்கள். வேலையாட்கள் லாயத்துக்குள் சிறுநீர் கழிக்கக் கூடாது. அவர்கள் குடித்த நோ மாத்திரையும் இருமல் மருந்தும் அந்த வைக்கோல் வழியாகவே குதிரைக்குள் போகும். தேத்தண்ணிக் கோப்பையைத் தீவனத் தொட்டியில் வைப்பதும், ஆசையாகச் சொக்லேட் ஊட்டுவதும் வேண்டாம். தேயிலையில் கஃபீன், கொக்கோவில் தியோபுரோமின். தியோபுரோமினுக்குச் சர்வதேச வரம்பு சிறுநீரில் மில்லிலீற்றருக்கு 2 மைக்ரோகிராம்.

களைப்பைத் தள்ளிப்போடச் சோடா மாவைக் கரைத்துக் குழாய் வழியே வயிற்றில் ஊற்றுவதும் மறையாது. இரத்தத்தில் மொத்தக் காபனீரொட்சைட்டு லீற்றருக்கு 36 மில்லிமோலைத் தாண்டினால் அது மீறல்.

மாதிரி எடுக்கும்போது உரிமையாளர் தரப்பில் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். ஏ, பி என்று பிரிக்கும் போத்தல்களின் முத்திரை எண் படிவத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். ஏ மாதிரியில் ஏதும் அகப்பட்டால், மறுபரிசோதனைக்கு இருப்பது அந்த பி போத்தல் மட்டுமே.